அந்தரப்பட்டியில் தண்ணீர் எத்தனை அடியில்?

"ஏனுங்க தம்பி, அந்தரப்பட்டில தண்ணி எத்தனை அடிலீங்க இருக்குது?"

கேட்டவர் என் மாமனார் திருமலைசாமி. அன்றைக்கு அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. ஆவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக, பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்த தன் தென்னந்தோப்பிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் குடை. பக்கத்தில் அவருடைய அக்கா சரஸ்வதி அம்மாள், நான் விரித்த பாயில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

இடம், கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருந்த என் வாடகை அறை. கீழே எந்திரம் ஓடினால் மேலே மேசையில் வைத்த டம்ளர் தானாக நடக்கும்.

அந்தரப்பட்டி என்ற ஊருக்கு எந்தப் பஸ்ஸும் கிடையாது. நான் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையில் வரும் ஊர் அது. வானத்தில், மேகத்துக்கு மேலே மிதக்கும். அங்கே தண்ணீர் எத்தனை அடியில் என்று அதுவரை நானே யோசித்ததில்லை.

"அது வந்துங்க, ஒரு அறுபது அடிங்க" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார்.

"ஊரோட கனமே நாப்பது அடின்னு ஆறாவது வாரத்துல எழுதியிருக்கறீங்க" என்றார் அவர், மிக மரியாதையாக. "அறுபது அடி வெட்டுனா அடில ஓட்டையாகிப் போயிருமுங்களே. கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா வானமல்லங்க தெரியும்?"

நான் மேசையில் நடந்துகொண்டிருந்த டம்ளரைப் பிடித்து நிறுத்தினேன்.

இப்போது நான் எழுதிவரும் இந்த நினைவுத் தொடரில் என் மாமனார் வரும் பகுதியைத் தானே முதலில் படித்துப் பார்ப்பேன் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். ஆகவே இந்த வாரம் தகவல் பிழை எதுவும் இருக்காது.

கடலைக் குடித்தவன்

கோயமுத்தூர்க்காரனுக்குக் கற்பனை கிடையாது, நட்டும் போல்ட்டும்தான் தெரியும் என்று வெளியூர் எழுத்தாள நண்பர்கள் சொல்வார்கள். நான் சண்டைக்குப் போவேன். எங்களுக்கும் கற்பனை உண்டு. ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம், அவ்வளவுதான்.

சின்ன வயதில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் ஒரு நாடகம் பார்த்தேன். அசுரன் வந்தான். மலையைத் தூக்கினான், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடலை ஒரே மூச்சில் குடித்தான், கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. அடுத்த காட்சியில் அவனே காட்டுக்குள் "தாகம், தாகம்" என்று தள்ளாடிக்கொண்டு வந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்துவிட்டார்.

"ஏப்பா, இப்பத்தானே ஒரு கடலைக் குடிச்சுப்போட்டுப் போனே?"

ஆர்மோனியம் நின்றது. அசுரன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னான். "அது உப்புத் தண்ணிங்கண்ணா. அதுனாலதானுங்க தாகம்."

கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நாடகம் தொடர்ந்தது.

கடலைக் குடிக்க முடியுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. குடித்தால் அப்புறம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பொய் சொல்லலாம், சொன்ன பொய்க்கு விசுவாசமாக இருக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு அன்றைக்கே வந்திருந்தால் பின்னால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டேன்.

ஒற்றைக் கைக் கும்பிடு

தொண்ணூறுகளில் நான் பகலில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விளக்கக் குறிப்பு எழுதுபவன். 'மோட்டாரை ஓட்டும் முன் பைப்பில் தண்ணீர் நிரப்பவும்' என்பது போன்ற இலக்கியம். பொழுது சாய்ந்த பிறகு அந்தரப்பட்டி. பகலெல்லாம் தண்ணீரைப் பற்றியே எழுதியவன், சாயங்காலம் படைத்த ஊருக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டான்.

கதையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போவேன். அங்கே கம்ப்யூட்டரில் அச்சுக் கோத்தவள் சுகுணா. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண், கணபதியில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். தடித்த கண்ணாடி. என்னிடம் அவள் முதன்முதலாகப் பேசியது இதுதான்:

"ஏனுங்க, போன வாரம் சேனாதிபதிக்கு எடது கைய வெட்டிப்போட்டீங்க. இந்த வாரம் ரெண்டு கையவும் கூப்பிக் கும்புடறாருங்க."

"மொளச்சிருச்சுன்னு வெச்சுக்குங்களேன்" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்ப அந்த ஊருல எல்லாத்துக்கும் மொளைக்குமுங்களா? மொளைக்குமுன்னா அப்பறம் வெட்டறதுக்கு யாருங்க பயப்படுவாங்க? நீங்க எட்டு வாரமா சண்டையே போட்டிருக்க வேண்டாமுங்களே."

அந்த நிமிடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். சேனாதிபதி ஒற்றைக் கையால் நெஞ்சைத் தொட்டுக் கும்பிடுவதாக மாற்றினேன். கொஞ்ச நாளில் கணபதி டீக்கடையில் இரண்டு கையும் நன்றாக இருந்த ஆட்கள் ஒற்றைக் கையால் கும்பிட்டுக்கொள்வதைப் பார்த்தேன்.

பிறகு வாரா வாரம் அவள் பிழை கண்டுபிடிப்பாள், நான் அதற்கென்றே சில பிழைகளை விட்டு வைப்பேன். கதையில் மரகதம் என்று ஒரு பெண் வந்தாள். பூமியில் பிறந்தவள், அந்தரப்பட்டித் தலைவனின் மகனைக் கட்டப்போகிறவள். மரகதம் கண்ணாடி போட்டிருந்தாள். அச்சகத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பொள்ளாச்சியில் இருந்த சுகுணாவின் அப்பா திருமலைசாமிக்கும் புரிந்துவிட்டது என்பது எனக்குத்தான் தெரியவில்லை.

பார்க்க ஒன்றுமில்லாத ஊடு

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை ஊடு பார்க்க வருவார்கள். ஊடு என்றால் வீடுதான், ஆனால் வெறும் நாலு சுவர் இல்லை. கிணறு, கிணற்றில் தண்ணீர், தண்ணீர் பாயும் காடு என்கிற விளைநிலம், கட்டுத்தரையில் மாடு, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஊடு. மாப்பிள்ளையைக் கடைசியாகப் பார்ப்பார்கள். மறந்துபோய்ப் பஸ் ஏறிவிடுவதும் உண்டு.

எங்கள் விஷயத்தில் சாதி, சாதகம் எல்லாம் எப்படியோ ஒத்துப்போயிற்று. இடித்தது ஆஸ்திதான். என்னிடம் இருந்தவை ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன், ஒரு பிளாஸ்டிக் குடம். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் பார்த்து முடித்துவிட்டார்கள். சரஸ்வதி அம்மாள் குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

கீழே எந்திரம் ஓட ஆரம்பித்தது. டம்ளர் மேசையில் கொஞ்ச தூரம் நடந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு திருமலைசாமி தன் துணிப்பையிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்தார். எல்லாம் என் தொடர்கதை வந்த இதழ்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டு ஒண்ணும் பாக்காமப் போறது மொறையில்லீங்க. இதையாச்சும் பாத்துப்போட்டுப் போறமுங்க."

கேலி என்று நினைத்தேன். அந்த மனிதர் கேலி பேச மாட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"காடு இருக்கறவன் காட்டைய எப்படி வெச்சிருக்கறான்னு பாப்போமுங்க. உங்களுக்கு இருக்கறது இந்த ஊருதான். இதைய ஒழுங்கா வெச்சிருந்தாத்தானுங்க எம்புள்ளையவும் ஒழுங்கா வெப்பீங்க."

அப்புறம்தான் அந்தத் தண்ணீர்க் கேள்வி வந்தது. அதோடு நிற்கவில்லை. ஊர் மேகத்துக்கு மேலே இருக்கிறது என்றால் மழை எங்கிருந்து வரும்? குப்பையை எங்கே கொட்டுவார்கள் என்று சரஸ்வதி அம்மாள் கேட்டார். ஓரத்தில் என்றேன். "கீழ பூமில குடியிருக்கறவங்களுக்குக் கேக்க வாயில்லீங்களா?" என்றார்.

கடைசியாக மாடு. அந்தரப்பட்டிக்குப் பூமியிலிருந்து தினம் காலையில் ஒரு மாட்டு வண்டி ஏறிப் போகும். மேலே போகலாம், யாரும் இறங்கி வர முடியாது. அதுதான் அந்த உலகத்தின் சட்டம். 'ஏறினால் ஏறியதுதான்' என்ற வரி பத்திரிகை ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போய், வாரா வாரம் தலைப்புக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டார்.

"தெனம் ஒரு சோடி மாடு மேல போகுது. ஒண்ணும் கீழ வாரதில்ல" என்றார் திருமலைசாமி. "கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நூறு வருசமா அப்படித்தான்னு வேற எழுதியிருக்கறீங்க. இந்நேரத்துக்கு மேல மனுசன் நிக்க எடமிருக்காதுங்களே. அத்தனை சாணியும் எங்கீங்க போகுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "வாயில சொல்ல வேண்டாமுங்க. வாயில சொன்னா நாளைக்கு மாத்திப்போடுவீங்க. அச்சுல வரட்டும். பாத்துட்டுச் சொல்றனுங்க."

சுகுணா கிடைப்பாளா மாட்டாளா என்பது இப்படியாகச் சாணியில் வந்து நின்றது.

ஒரே சாணியில் இரண்டு மாங்காய்

அடுத்த வாரத்திலிருந்து அந்தரப்பட்டியின் போக்கே மாறிவிட்டது. அரக்கனோடு மோத வேண்டிய கதாநாயகன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குட்டை வெட்டப் போனான். மேகம் வந்து மோதும் ஓரத்தில் தேங்காய்நார் வலை கட்டி ஈரத்தைப் பிடித்துக் குட்டைக்கு விட்டான். அரக்கன் நாலு வாரமாகக் கீழே தரையில் காத்திருந்தான்.

ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, இது கதையா, வேளாண்மை நிகழ்ச்சியா?" ஆனால் வாசகர்கள் விடவில்லை. துடியலூரிலிருந்து ஒருவர் மொபெட்டில் அச்சகத்துக்கே வந்து, வலையிலிருந்து குட்டைக்கு ஏன் வாய்க்கால், பைப் போட்டால் சேதாரம் இருக்காதே என்று கேட்டுவிட்டுப் போனார். டீகூடக் குடிக்கவில்லை.

இதழ் வெளியானதும் திருமலைசாமி பொள்ளாச்சி எஸ்.டி.டி. பூத்திலிருந்து அச்சகத்துக்கு போன் செய்வார். சுகுணா ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும்.

"தேங்காநாருன்னு போட்டிருக்கறீங்க. மேல தென்னை இருக்குதுங்களா?"

"வண்டில ஏத்திட்டுப் போவாங்க."

"அப்பச் செரிங்க."

சாணிக்குத்தான் வழி தெரியாமல் தவித்தேன். ஒரு நாள் கம்பெனி வேலையாகப் போன தோட்டத்தில் சாண எரிவாயுத் தொட்டியைப் பார்த்தேன். மேலே கவிழ்த்து வைத்த இரும்பு மூடி, வாயு சேரச் சேரத் தானாக உயர்ந்துகொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தோட்டக்காரர் எனக்கு வெயில் தாக்கிவிட்டது என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த வாரம் அந்தரப்பட்டியின் பரம ரகசியம் வெளியானது. நூறு வருஷத்து மாடுகளின் சாணி முழுக்க ஊருக்கு அடியில் இருந்த பெரிய தொட்டியில் போய் விழுகிறது. அதிலிருந்து வரும் வாயுதான் ஊரையே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாணி எங்கே போகிறது என்பதற்கும் ஊர் எப்படி மிதக்கிறது என்பதற்கும் ஒரே பதில். அதுவரை மந்திரத்தால் மிதந்த ஊர் அது. மந்திரவாதியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன்.

அந்த வாரமும் போன் வந்தது. திருமலைசாமி கேட்டார்: "கேஸ் எச்சாப் போனா வெளிய உடறதுக்கு வால்வு வெச்சிருக்கறீங்களா?"

"வெச்சிருக்குதுங்க."

"வியாழக்கெழமை சந்தைக்கு வாங்க. ஒண்ணு பேசோணும்."

துண்டுக்கு அடியில்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு விரலால் பேசுவார்கள். திருமலைசாமி என்னைப் பார்த்ததும் ஒரு காங்கேயம் காளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் கையைப் பிடித்து, துண்டைப் போட்டு மூடினார். முக்கியமான பேச்செல்லாம் அவருக்கு அப்படித்தான் வரும் போலிருக்கிறது. சுற்றி நாலு பேர் வந்து நின்று, நான் எவ்வளவுக்குப் போவேன் என்று பார்த்தார்கள்.

"எல்லாஞ் செரியா இருக்குதுங்க. தண்ணி செரி, சாணி செரி. ஒண்ணே ஒண்ணு. மரகதத்தை மேல கட்டிக் குடுத்தா, ஆடி நோம்பிக்கு எப்படீங்க கூட்டிட்டு வர்றது?"

நான் துள்ளிவிட்டேன். இவ்வளவுதானா? "அதுக்கென்னங்க, சட்டத்தையே மாத்திப்போடலாமுங்க. எறங்கலாமுன்னு இந்த வாரமே எழுதிப்போடறேன்."

துண்டுக்கு அடியில் என் விரல்கள் நசுங்கின.

"மாத்தறதா? மொத வாரத்துலயிருந்து கொட்டை எழுத்துல போட்டுப்போட்டு, பொண்ணு வேணுங்கறதுக்காக மாத்தறதா? இன்னைக்கு எம்புள்ளைக்காகச் சட்டத்தை மாத்துனா, நாளைக்கு வேற எதுக்காகவோ எம்புள்ளைய மாத்த மாட்டீங்கன்னு என்னங்க நிச்சயம்?"

சட்டத்தையும் மாற்றக் கூடாது, பெண்ணும் ஆடிக்கு வர வேண்டும். நான் விழித்தேன். காளையும் என்னைப் பார்த்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அவுங்கம்மா போனதுலயிருந்து ஊட்டுல நாந்தான் ஒத்தையா இருக்கறேன். சனிக்கெழமை பொழுதோட பஸ்ஸ விட்டு எறங்கி வருவா. தடத்துல செருப்புச் சத்தம் கேக்கும். அது கேட்டதுக்கப்பறந்தான் நான் லைட்டையே போடுவனுங்க. கட்டிக் குடுத்தப்பறம் அது கேக்குமா கேக்காதாங்கறதுதானுங்க எனக்கு."

என் கையை அவர் விடவில்லை. தண்ணீர், மழை, குப்பை, சாணி என்று இத்தனை வாரமாக அவர் சுற்றிச் சுற்றிக் கேட்டது இந்த ஒன்றைத்தான் என்று அப்போது புரிந்தது. பக்கத்தில் நின்றவர், "பேரம் படியலீங்களா?" என்றார்.

வால்வு

மறுநாள் அச்சகத்தில் எல்லாவற்றையும் சுகுணாவிடம் சொன்னேன். லைட் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஊர எதுங்க தூக்கிப் புடிக்குது?"

"கேஸ்."

"வால்வத் தொறந்துட்டா?"

"ஊரு கீழ எறங்கும்."

"ஊருதானுங்களே எறங்குது? ஆளு யாரும் எறங்கலியே. ஊரு தரையோட தரையா வந்து நிக்கறப்ப, மரகதம் சும்மா நடந்து அப்பா ஊட்டுக்குப் போயிட்டு வரட்டும். நடக்கறது எறங்கறதாகுமுங்களா?"

என் உலகத்தில் நான் படைத்த எல்லாவற்றையும் விட நல்ல சங்கதி அதுதான். அதை நான் யோசிக்கவில்லை. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் எனக்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை.

அந்த வாரம் கதையில் ஆடி பிறந்தது. அந்தரப்பட்டித் தலைவர் வால்வைத் திறந்தார். ஊர், மாடு கன்று குட்டையோடு மெல்ல இறங்கிப் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு தரிசில் இருந்த நாற்பது அடிப் பள்ளத்தில் விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்தது. மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். கீழே காத்திருந்த அரக்கன் ஊருக்கு அடியில் சிக்கிக்கொண்டான். அவனைத் தீர்க்கவும் எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

போன் வந்தது. "படிச்சனுங்க" என்றார் திருமலைசாமி. பிறகு, "செரிங்க, மாப்ள."

ஏறினால் ஏறியதுதான்

கல்யாணம் முடிந்தும் அதே லேத் பட்டறை மாடியில்தான் குடியிருந்தோம். டம்ளர் இரண்டானது, இரண்டும் சேர்ந்து நடந்தன. ஆடிக்கு ஆடி பொள்ளாச்சி போய் வந்தோம். சில வருஷம் கழித்து தோப்பில் போர்வெல் வற்றிவிட்டது. திருமலைசாமி ஒரு தகரப்பெட்டியும் குடையுமாகப் படியேறி வந்தார். ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்.

ஒரு மாதம் ஆயிற்று. ஊருக்கு எப்போது என்று சரஸ்வதி அம்மாள் போனில் கேட்டதற்கு, என்னைக் காட்டி, "மாப்ளதான் அச்சுல போட்டிருக்கறாரே, ஏறுனா ஏறுனதுதான்னு" என்றார். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அந்த மாடியிலேயே இருந்தார். எந்திரம் ஓடும்போது டம்ளர்களைப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. கடைசியில் முழங்கால் மடங்காமல் போய்விட்டது. துடியலூரில் தரையோடு இருக்கும் வீடு ஒன்று பார்த்தோம். சாமான் எல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. அவர் மட்டும் வெறும் அறையில் கட்டில் இருந்த இடத்தில் குடையை ஊன்றி நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றார்.

"எறங்கறது மொறையில்லீங்க."

நான் கெஞ்சினேன். வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். கோபித்தும் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

சுகுணா படியில் பாதி தூரம் இறங்கியிருந்தவள் திரும்பி ஏறி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து அவருடைய துண்டை எடுத்து மேலே போட்டு மூடினாள்.

"நம்ம யாரும் எறங்கலீங்கப்பா. ஊடுதான் எறங்குது."

அவர் யோசித்தார். அவசரப்படவில்லை.

"வால்வத் தொறந்தாச்சா, கண்ணு?"

அவள் உதட்டைக் குவித்து "ஸ்ஸ்ஸ்" என்று காற்று விட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, காற்றை மட்டும் நிறுத்தவில்லை. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே வந்தார். கடைசிப் படி வரைக்கும் அவள் "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். லேத் பட்டறைக்காரர்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

தெருவுக்கு வந்ததும் அவர் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, காலியான மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"பாத்தீங்களா மாப்ள" என்றார். "ஆளு யாரும் எறங்கல."

அவர் கேலி பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கேலிதானா என்று கேட்டால், சுகுணா இன்றைக்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.